மனத்தில் நிலைக்கும் படமும் மெய்யும்

திரையரங்கில் கதைப் படம் தொடங்குவதற்கு முன்னால் செய்திப் படம் ஒன்றைக் காட்டுவது நம் நாட்டில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1948-இல் மத்திய அரசு நிறுவிய திரைப்படப் பிரிவு அத்தகைய படங்களைத் தயாரித்து ஊர் ஊராக அனுப்பி வந்தது. அவை ஓடும் நேரத்தில் பலர் வெளியே நின்று தேநீர் அருந்திக்கொண்டிருப்பார்கள். ஆனால் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுள் சிலருக்கு, அன்றைய கதைப் படத்தின் பெயர்கூட மறந்துபோன பின்பும், வெள்ளத்தில் மிதந்த ஒரு வீடோ, அணைக்கட்டில் கல் சுமந்த ஒரு பெண்ணின் முகமோ நினைவில் நிற்கிறது.

இதற்குக் காரணம் என்ன? கதைப் படத்தில் அழுபவர் நடிகர் என்பதை நாம் அறிவோம். விளக்குப் போட்டவுடன் அந்தத் துயரத்தை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். விவரணப் படத்தில் அப்படி இயலுவதில்லை. 'இது உண்மையாக நடந்தது' என்ற எண்ணத்தோடு நாம் அதைப் பார்க்கிறோம். ஆகவே அது அறிவோடு சேர்ந்து மனத்தில் தங்கிவிடுகிறது. நேரில் கண்ட காட்சிக்கும் திரையில் கண்ட காட்சிக்கும் இடையே உள்ள கோடு நாளடைவில் மங்கிவிடுகிறது.

ஆவணப் படம் என்றும் டாகுமெண்டரி என்றும் அழைக்கப்படும் இவ்வகைப் படங்களின் வலிமை இதுதான். இவற்றின் ஆபத்தும் இதுவே. நெடுநாள் நினைவில் நிற்பது மெய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் உண்டா? நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இப்படங்களின் வரலாறு இக்கேள்விக்கு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

மூன்று முறை எடுத்த முதற்படம்

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் கிராண்ட் கஃபே என்ற உணவுவிடுதியில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு 10 சிறு படங்களைத் திரையிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடியது. அடுத்த ஆண்டு ஜூலை 7-இல் பம்பாயில் வாட்சன் ஹோட்டலிலும் லூமியேர் படங்கள் காட்டப்பட்டன. நம் நாட்டுக்குச் சினிமா வந்தது அப்படித்தான்.

பாரிஸில் காட்டிய படங்களுள் ஒன்று, லியோன் நகரிலிருந்த லூமியேர் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருவதைக் காட்டுவது. கதவு திறக்கிறது, ஆண்களும் பெண்களும் வருகிறார்கள், ஒரு நாயும் ஓடுகிறது. இதைவிட இயல்பான காட்சி உண்டா? ஆனால் இப்படத்துக்கு மூன்று வடிவங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் இரண்டு குதிரைகள் பூட்டிய வண்டி வருகிறது. இன்னொன்றில் ஒரே குதிரை. மற்றொன்றில் குதிரையே இல்லை. அதாவது, தொழிலாளர்களை மீண்டும் மீண்டும் வெளியே வரச் செய்து படம் பிடித்திருக்கிறார்கள்.

இதை மோசடி என்று சொல்ல முடியாது. அவர்கள் உண்மையான தொழிலாளர்கள்தாம். அது உண்மையான தொழிற்சாலைதான். ஆயினும் ஒன்று விளங்குகிறது. காமிராவை ஓரிடத்தில் வைத்து, 'இப்போது வாருங்கள்' என்று சொன்ன அந்தக் கணத்திலேயே, நடப்பதைப் படம் பிடிப்பதும் படத்துக்காக நடக்கச் செய்வதும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

பனி நாட்டு நானூக்

முழு நீள விவரணப் படங்களுள் உலகெங்கும் புகழ்பெற்ற முதற்படம், ராபர்ட் பிளாஹர்ட்டி எடுத்த 'வடநாட்டு நானூக்'. இது 1922-இல் வெளிவந்தது. பிளாஹர்ட்டி, கனடாவின் வட பகுதியில் கனிவளம் தேடச் சென்றவர். ஹட்சன் விரிகுடாப் பகுதியில் வாழும் இன்யூட் மக்களோடு பழகினார். எஸ்கிமோக்கள் என்று பழைய பாடநூல்கள் குறிப்பிடுவது இவர்களைத்தான்.

முதலில் அவர் எடுத்து வந்த படம் 1916-இல் எரிந்துபோயிற்று. படச்சுருளின் அருகில் அவருடைய சிகரெட்டின் நெருப்புப் பட்டதே காரணம். அக்காலப் பிலிம், செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. இது வெடிபஞ்சின் இனத்தைச் சேர்ந்தது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் இதன் மூலக்கூறுகளுக்குள்ளேயே இருப்பதால், ஒருமுறை தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. எரிந்தது ஏறத்தாழ 30,000 அடி. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும். ஊமைப்படக் காலத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 16 படங்கள் ஓடின. எனவே ஓர் அடிக்கு ஒரு விநாடி எனக் கணக்கிட்டால், 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சிகள் சாம்பலாயின என்பது தெரியும்.

ரெவியோன் பிரேர் என்ற பிரெஞ்சுத் தோல் வாணிக நிறுவனம் பணம் தர, 1920-இல் பிளாஹர்ட்டி மீண்டும் புறப்பட்டார். இம்முறை ஒரே ஒரு வேடனையும் அவன் குடும்பத்தையும் சுற்றிப் படத்தை அமைப்பது என்று முடிவு செய்தார். எடுத்த பிலிமை அந்தப் பனிவெளியிலேயே கழுவி, அம்மக்களுக்கே போட்டுக் காட்டினார். அவர்களும் படப்பிடிப்பில் மனமுவந்து உதவினார்கள்.

படத்தைப் பார்த்தவர்கள் பனிக்கட்டிகளை வெட்டி அடுக்கி இக்ளூ வீடு கட்டும் காட்சியை மறப்பதில்லை. கடல்நாயைப் பிடிக்கப் பனித்துளை வழியே கயிற்றை இழுத்துத் தடுமாறும் நானூக்கை மறப்பதில்லை. கிராமபோன் தட்டைக் கடித்துப் பார்க்கும் அவருடைய சிரிப்பையும் மறப்பதில்லை.

இனி அக்காட்சிகளின் பின்புறத்தைப் பார்ப்போம். அவருடைய பெயர் நானூக் அன்று. அல்லாக்காரியால்லாக் என்பதே அவர் பெயர். மனைவியாகத் தோன்றியவர் அவருடைய மனைவி அல்லர். இக்ளூவின் உட்புறத்தைப் படம் பிடிக்க ஒளி போதவில்லை. ஆகவே பாதி வீட்டைத் திறந்தவாறே விட்டு, அந்தக் குளிரில் குடும்பத்தைத் தூங்கி எழுவதுபோல் நடிக்கச் செய்தார்கள். கயிற்றின் மறுமுனையை இழுத்தது கடல்நாயன்று. காமிராவின் பார்வைக்கு அப்பால் நின்ற ஆட்கள். கிராமபோன் அம்மக்களுக்குப் புதுமையும் அன்று. அக்காலத்தில் அவர்கள் துப்பாக்கியால் வேட்டையாடினார்கள். படத்திலோ பழைய காலத்து எறியீட்டியைக் கொண்டு வால்ரஸைத் தாக்குகிறார்கள்.

நானூக்காக நடித்தவர் படம் வெளிவந்து இரண்டு ஆண்டுகளில் இறந்தார். அவர் மான் வேட்டைக்குச் சென்று பட்டினியால் மாண்டார் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அவர் நோயால், ஒருவேளை காசநோயால், வீட்டிலேயே இறந்தார் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். படத்தின் கதைக்கு ஏற்ற சாவே செய்தியாகிவிட்டது!

இப்படிச் சொல்வதால் அப்படத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது பொருளன்று. இக்ளூ கட்டும் கைத்திறன் மெய்யானது. அந்தக் குளிரும் காற்றும் மெய்யானவை. பாட்டன் காலத்து வேட்டை முறைகளுக்கு அது ஒரு பதிவு. ஆனால் 1920-இல் துப்பாக்கி ஏந்தி, தோல் வணிகரோடு கணக்குப் பார்த்து வாழ்ந்த ஒரு சமூகம், காலத்தால் உறைந்துபோன கூட்டமாகப் பல தலைமுறைகளின் மனத்தில் பதிந்தது. அப்பதிவை அழிப்பது எளிதாக இருக்கவில்லை. இன்யூட் மக்கள் பின்னாளில் தாங்களே காமிராவை ஏந்தினார்கள். சக்கரையாஸ் குனுக் இயக்கி, முழுவதும் இன்யூட் மொழியிலேயே அமைந்த 'அத்தானார்ஜுவாத்' என்னும் கதைப் படம் 2001-இல் கான் விழாவில் பரிசு பெற்றது.

பெயர் வந்த கதை

பிளாஹர்ட்டியின் அடுத்த படம் 'மோவானா'. 1926 பிப்ரவரியில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் அதற்கு மதிப்புரை எழுதிய ஜான் கிரீர்சன், அப்படத்துக்கு 'டாகுமெண்டரி' மதிப்பு உண்டு என்று குறிப்பிட்டார். இச்சொல் ஒரு படவகைக்கே பெயராயிற்று. நடப்பு உலகைப் படைப்பாற்றலோடு கையாள்வதே இக்கலை என்று கிரீர்சன் பின்னர் விளக்கம் தந்தார். இவ்விளக்கத்தில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று நடப்பு, மற்றொன்று படைப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறிதான் விவரணப் படத்தின் வரலாறு எனலாம்.

1934-இல் பிளாஹர்ட்டி எடுத்த 'அரான் மனிதன்' இந்த இழுபறிக்கு நல்ல சான்று. அயர்லாந்தின் மேற்கிலுள்ள அரான் தீவுகளில் மீனவர்கள் பெருஞ்சுறாவை எறியீட்டியால் வேட்டையாடும் காட்சி அதில் உச்சக்கட்டம். ஆனால் அவ்வேட்டை அங்கே மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. படத்துக்காகவே தீவு மக்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. படத்தில் வரும் தாய், தந்தை, மகன் மூவரும் வெவ்வேறு வீட்டார். அலைகள் மட்டும் உண்மை. அந்த அலைகளில் படகு செலுத்தியவர்களின் உயிராபத்தும் உண்மை.

குடிசைவாசிகள் பேசினார்கள்

அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் வேறொரு பாதை பிறந்தது. ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி ஆகிய இருவரும் 1935-இல் 'குடியிருப்புப் பிரச்சினைகள்' என்ற குறும்படத்தை எடுத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் பெருஞ்சுமையாக இருந்த காலம் அது. அவற்றையும் விளக்குகளையும் லண்டனின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளுக்குள் தூக்கிச் சென்றார்கள். அங்கே வாழ்ந்தவர்களையே காமிராவைப் பார்த்துப் பேசச் செய்தார்கள். எலி, மூட்டைப்பூச்சி, ஒழுகும் கூரை, இடிந்த படிக்கட்டு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் தங்கள் சொந்தச் சொற்களில் கூறினார்கள். இன்று தொலைக்காட்சியில் நாள்தோறும் காணும் நேர்காணல் முறைக்கு இது ஒரு முன்னோடி.

இங்கும் ஒரு செய்தியை நாம் அறிந்திருக்க வேண்டும். இப்படத்துக்குப் பணம் கொடுத்தது எரிவாயு நிறுவனங்களின் சங்கம். பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் புதிய அடுக்கு வீடுகள் எழுந்தால் எரிவாயு அடுப்புகள் விற்பனையாகும். ஆகவே படம் காட்டிய துன்பம் மெய். படம் காட்டிய தீர்வோ பணம் கொடுத்தவருக்கும் உகந்த தீர்வு. படம் எதைச் சொல்கிறது என்பதோடு, யாருடைய செலவில் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது பாடம்.

ஒரு தமிழரின் தேடல்

இதே காலத்தில் ஒரு தமிழ் இளைஞர் முற்றிலும் வேறான வழியில் சென்றார். அவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். உலகம் சுற்றிய தமிழன் எனப் புகழ்பெற்றவர். 1937 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்த நாள். அன்று அட்லாண்டிக் கடலில் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது.

காந்தியடிகளை நடிக்கச் சொல்ல முடியுமா? கடந்துபோன உப்பு யாத்திரையை மீண்டும் நடத்தத்தான் முடியுமா? செட்டியார் தேடலில் இறங்கினார். பல்வேறு நாடுகளில் பல்வேறு ஆண்டுகளில் காந்தியடிகளைப் படம் பிடித்தவர்கள் வைத்திருந்த பிலிம் துண்டுகளை நாடிச் சென்றார். ஏறத்தாழ 1 லட்சம் மைல் பயணம் செய்து, 30 ஆண்டுக் காலத்தில் ஏறக்குறைய 100 பேர் எடுத்த 50,000 அடி பிலிமைத் திரட்டினார். பேசும்பட வேகத்தில் ஓட்டினால் 9 மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய நீளம் அது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த படம், தமிழ் விளக்கவுரையோடு 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளிவந்தது. தெலுங்கிலும் வந்தது. ஆங்கில வடிவம் 1953-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது.

உலகப் போர் தொடங்கிவிட்ட நேரம். நாடு அயலார் ஆட்சியில் இருந்த நேரம். அந்நிலையில் அது துணிவான செயல். ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது அவர் கையாண்ட முறை. தம் படத்துக்காக நிகழ்ச்சிகளை உண்டாக்காமல், நிகழ்ந்தபோது பிறர் எடுத்துவைத்தவற்றை அவர் தேடிச் சேர்த்தார். விதை நெல் சேர்ப்பவரைப் போன்ற வேலை இது.

அவ்வாறு சேர்த்ததும் முழுமையாக நிலைக்கவில்லை என்பது வருத்தம். தமிழ்ப் படத்தின் படி நெடுங்காலம் கிடைக்காமல் போயிற்று. ஆங்கில வடிவத்தின் படி ஒன்று பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. நைட்ரேட் பிலிம் தீக்கு மட்டும் இரையாவதில்லை. வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைந்து, பிசுபிசுத்து, இறுதியில் பொடியாகிவிடும். புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-இல்தான் நிறுவப்பட்டது. மனத்தில் படம் நிலைப்பதற்கு முன்னால் பெட்டியில் பிலிம் நிலைத்தாக வேண்டும் அல்லவா?

நீதிமன்றத்தில் ஒரு படம்

1945-இல் ஜெர்மனி தோல்வியுற்றபோது, நேச நாட்டுப் படைகள் நாஜிகளின் சிறை முகாம்களுக்குள் நுழைந்தன. அங்கே கண்டவற்றை இராணுவக் காமிராக்காரர்கள் படம் பிடித்தார்கள். அப்போது ஓர் ஐயம் எழுந்தது. இத்தகைய கொடுமையை எவராவது நம்புவார்களா? 'படத் தந்திரம்' என்று பிற்காலத்தில் யாரேனும் மறுத்தால் என்ன செய்வது?

அவ்வாண்டு நவம்பர் 29-இல் நியூரம்பெர்க் விசாரணை மன்றத்தில் இப்படக் காட்சிகள் சான்றாகத் திரையிடப்பட்டன. தொடக்கத்திலேயே, இக்காட்சிகள் எவ்வகையிலும் திருத்தப்படவில்லை என்று பொறுப்பான அதிகாரிகள் கையெழுத்திட்ட உறுதிமொழிகள் காட்டப்பட்டன. குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்களின் முகங்கள் தெரியுமாறு, இருட்டிலும் அங்கே சிறு விளக்குகள் எரிந்தன.

லண்டனில் சிட்னி பெர்ன்ஸ்டைன் இதே பொருளில் தயாரித்த மற்றொரு படத்துக்கு ஆல்பிரட் ஹிட்ச்காக் ஆலோசனை கூறினார். துண்டு துண்டாக வெட்டி ஒட்டாமல், காமிராவை நிறுத்தாது மெல்லத் திருப்பி நீண்ட காட்சிகளாகக் காட்டுங்கள் என்பது அவருடைய ஆலோசனை. ஒரே ஓட்டத்தில் பிணக்குவியலும் அருகே நிற்கும் உள்ளூர்ப் பெரியவர்களும் தெரிந்தால், இரண்டையும் ஒட்டவைத்தார்கள் என்று எவரும் சொல்ல இயலாது. திகில் படங்களில் தேர்ந்த வெட்டு வேலைக்குப் பெயர்பெற்றவரே, 'வெட்டாதீர்கள்' என்று சொன்னது கருதத்தக்கது. அப்படம் அன்று பாதியில் நிறுத்தப்பட்டது. 2014-இல்தான் லண்டன் போர் அருங்காட்சியகம் அதை முழுமையாக்கி வெளியிட்டது.

பத்தாண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனே 'இரவும் மூடுபனியும்' என்ற 32 நிமிடப் படத்தை உருவாக்கினார். புல் முளைத்த இன்றைய முகாம் வண்ணத்தில் வரும். அன்றைய காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வரும். பார்த்தவர்கள் மறக்க முடியாத படம் அது. அதில் ஒரு பழைய ஒளிப்படத்தில், பிரான்சிலிருந்த ஒரு முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சுக் காவலரின் தொப்பி தெரிந்தது. பிரெஞ்சுத் தணிக்கையினர் அதை ஏற்கவில்லை. தொப்பி மறைக்கப்பட்ட பிறகே படம் வெளிவந்தது. பிற்காலப் படிகளில் அந்த மறைப்பு நீக்கப்பட்டது. இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை மறைப்பதும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள் என்பதற்கு அந்தச் சிறு தொப்பி சாட்சி.

கடலில் குதித்த லெம்மிங்குகள்

லெம்மிங் என்பது வடதுருவப் பகுதிகளில் வாழும் எலி போன்ற சிறு விலங்கு. 'இவை கூட்டம் கூட்டமாகச் சென்று கடலில் விழுந்து தற்கொலை செய்துகொள்ளும்' என்ற கதையைக் கேட்காதவர்கள் குறைவு. இது பழங்கதைதான். ஆனால் இதைக் கண்ணால் கண்ட உண்மையாக மாற்றியது 1958-இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'வெண்பனிக் காடு' என்னும் இயற்கைப் படம். லெம்மிங்குகள் பாறை விளிம்புக்கு ஓடி வந்து, ஒன்றன்பின் ஒன்றாக நீரில் விழும் காட்சியை அது காட்டியது. சிறந்த விவரணப் படத்துக்கான ஆஸ்கர் பரிசும் பெற்றது.

1982-இல் கனடா நாட்டுத் தொலைக்காட்சி இக்காட்சியின் பின்னணியை வெளிப்படுத்தியது. படம் எடுக்கப்பட்ட ஆல்பர்ட்டா மாநிலத்துக்குக் கடற்கரையே கிடையாது. அந்த லெம்மிங்குகள் அவ்விடத்தில் வாழ்பவையும் அல்ல; வேறு மாநிலத்திலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டவை. பனி தூவிய சுழல் மேடையில் அவற்றை ஓடவிட்டு, சில விலங்குகளையே பெருங்கூட்டம்போல் தோன்றச் செய்தார்கள். பின்னர் ஓர் ஆற்றின் கரையிலிருந்து அவற்றை நீருக்குள் தள்ளினார்கள். திரையில் அது கடலாயிற்று.

விலங்கியல் கூறும் உண்மை என்ன? லெம்மிங்குகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் வீழ்ச்சியடைகிறது. பெருகும் காலத்தில் உணவும் இடமும் தேடி அவை பரவிச் செல்கின்றன. வழியில் நீரைக் கடக்கும்போது சில மூழ்கி இறப்பதுண்டு. தற்கொலை எண்ணம் எதுவும் அவற்றுக்கு இல்லை. இந்த விளக்கம் அச்சாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அந்தக் கதை இன்னும் சாகவில்லை. விளக்கத்துக்குப் படம் இல்லை. பொய்க்குப் படம் இருக்கிறது!

இதற்கு எதிரான சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். 1956-இல் ழாக் கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த 'மௌன உலகம்', கடலடி அழகை உலகுக்கு வண்ணத்தில் காட்டியது. ஆராய்ச்சிக்காகப் பவளப்பாறையில் வெடி வைத்து மீன்களைக் கொன்றதையும், கப்பலில் இருந்தவர்கள் சுறாக்களை வெட்டிக் கொன்றதையும் அப்படம் ஒளிக்காமல் காட்டியது. இன்று அக்காட்சிகள் நமக்கு வேதனை தருகின்றன. கடலைப் பாதுகாக்கக் குரல் கொடுத்தவராகவே கூஸ்தோவைப் பிற்காலத்தார் அறிவார்கள். அவர்கள் செய்தது தவறு என்று சொல்வதற்கு வேண்டிய சான்றை அவர்கள் படமே தருகிறது. நேர்மையாகப் பதிவு செய்த படம், எடுத்தவருக்கு எதிராகவும் சாட்சி சொல்லும்.

நினைவு என்னும் தொகுப்பாளர்

பார்த்த காட்சி மனத்தில் எப்படித் தங்குகிறது? பிலிமைப்போல் அப்படியே பதிந்திருக்கிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் அறிஞர்கள் வெளியிட்ட சோதனை இந்த எண்ணத்தைத் தகர்த்தது.

அவர்கள் மாணவர்களுக்குக் கார் மோதல் காட்சிகளைப் படமாகக் காட்டினார்கள். பிறகு, கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். படங்கள் ஒன்றே, கேள்வியில் ஒரு சொல் மட்டும் வேறு. கார்கள் ஒன்றையொன்று 'இடித்தபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 34 மைல் என்றார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 40 மைல் என்றார்கள்.

இரண்டாவது சோதனை இன்னும் வியப்பானது. மாணவர்களுக்கு ஒரு விபத்துப் படத்தைக் காட்டி, அதே முறையில் கேள்வி கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களை அழைத்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று வினவினார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனால் 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்த' என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள்.

விவரணப் படத்தில் பின்னணிக் குரல் செய்யும் வேலையும் இத்தகையதே. நீரில் விழும் எலிகளைக் கண் பார்க்கிறது. 'மரணத்தைத் தேடிச் செல்கின்றன' என்ற பொருள்படக் காதில் விழுகிறது. ஆண்டுகள் சென்றபின் மனம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மரணத்தைத் தேடிய எலிகளைக் 'கண்டோம்' என்றே நினைக்கிறது. படத்தொகுப்பு அறையில் ஒருவர் வெட்டி ஒட்டியதை, நம் மூளை இன்னொரு முறை வெட்டி ஒட்டுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

அப்படியானால் எந்தப் படத்தையும் நம்பாமல் இருப்பதுதான் அறிவா? அதுவும் பிழையே. நியூரம்பெர்க்கில் காட்டிய சான்றை மறுப்பவர்களும் 'எல்லாப் படமும் பொய்' என்றுதான் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் நம்புவதும் எல்லாவற்றையும் மறுப்பதும் சிந்திக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் இரண்டு வழிகள். அறிவியல் மாணவர், ஆய்வகத்தில் ஓர் அளவீட்டை எப்படிச் சோதிக்கிறாரோ, அப்படிப் படத்தையும் சோதிக்கலாம்.

இக்காட்சி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது? காமிரா அங்கே இல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா? ஓட்டம் நீண்டதா, துண்டுகளாக வெட்டப்பட்டதா? ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இதே பொருள் கிடைக்கிறதா? பணம் தந்தவர் யார்? படத்தில் வரும் மக்கள் தாங்களே பேசுகிறார்களா, அவர்களைப் பற்றி வேறொருவர் பேசுகிறாரா? இவற்றை மனத்தில் கொண்டு பார்த்தால், நானூக் படத்தில் கைத்திறனையும் ரசிக்கலாம், புனைவையும் இனம் காணலாம்.

இக்கேள்விகள் முன்னைவிட இன்று அவசரமானவை. அன்று ஒரு பொய்க் காட்சிக்குச் சுழல் மேடையும் வாங்கி வந்த விலங்குகளும் வேண்டியிருந்தன. இன்று விலங்கே இல்லாமல், பனியே இல்லாமல், நடக்காத ஒன்றைக் கணினி சில நொடிகளில் அசையும் படமாக்கித் தருகிறது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி வடிவில் ஒரு காமிரா இருக்கிறது. நாம் பார்ப்பவர்களாக மட்டும் இல்லை. எடுப்பவர்களாகவும் பரப்புபவர்களாகவும் ஆகிவிட்டோம். ஆகவே பிளாஹர்ட்டியையும் டிஸ்னியையும் கேட்ட கேள்விகளை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊர்த் திருவிழாவையோ, ஏரி உடைந்த இடத்தையோ, தறி நெய்யும் முதியவரின் கைகளையோ படம் பிடிக்கும்போது, நாள், இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அதனோடு குறித்து வையுங்கள். யாரையேனும் ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்லியிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அப்படத்தைப் பார்க்கக் கூடும். பார்த்தது அவர் மனத்தில் ஆயுள் முழுதும் தங்கக் கூடும். அவர் நம்புவதற்குத் தகுதியான படத்தைத் தருவது நம் கையில் இருக்கிறது.